பாலம் அவர்களுக்கு, பள்ளம் நமக்கா?

சிவப்பு வட்டம், அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளின் படம், குறுக்கே ஒரு கோடு. மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழன் இந்தப் பலகையைப் படிக்க மராத்தியும் கற்க வேண்டியதில்லை, ஆங்கிலமும் கற்க வேண்டியதில்லை. பார்த்தவுடன் புரிந்துவிடும். "இது உனக்கு இட்ட சாலை அல்ல, நீ கீழே போ" என்பதுதான் அதன் பொருள்.

கீழே போகிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

கணக்குப் பார்ப்போம், தோழர்களே. 2009-ஆம் ஆண்டு பாந்த்ராவிலிருந்து வொர்லிக்குக் கடல் மீது பாலம் கட்டித் திறந்தார்கள். இருசக்கர வண்டிக்கு இடமில்லை என்றார்கள். 2010-இல் ஜே.ஜே. மேம்பாலத்தில் அதுவரை போய்வந்துகொண்டிருந்த நம்மை இறக்கிவிட்டார்கள். 2013-இல் செம்பூர்ப் பக்கமிருந்து பி.டி. மெல்லோ சாலைக்குக் கிழக்கு விரைவுச் சாலை வந்தது, அதிலும் இடமில்லை. 2024 ஜனவரியில் சிவ்ரியிலிருந்து நவசேவா பக்கம் 21.8 கிலோமீட்டர் நீளத்துக்கு அடல் சேது திறந்தது, இடமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் கடற்கரைச் சாலையின் முதற்பகுதி திறந்தது; அங்கும் இடமில்லை. படம் பிடித்து, பத்திரிகையில் போட்டு, "உலகத் தரம்" என்று மார்தட்டிக்கொண்ட சாலைகள் இவை. ஒன்றிலாவது நம் சக்கரம் படலாமா? கூடாது.

இந்தச் சாலைகள் எந்தச் சீமானின் சொந்தப் பணத்தில் எழுந்தன? கடற்கரைச் சாலைக்கு ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய். அது மாநகராட்சியின் பணம். அடல் சேதுவுக்கு 17,800 கோடிக்கு மேல். அதிலும் அரசின் பங்கு உண்டு, அரசு தலைகொடுத்து வாங்கிய கடனும் உண்டு. தாராவியில் ஒரு பொட்டலம் இட்லி மாவு வாங்குகிறவனும், ஆண்டாப் ஹில்லில் ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிறவனும் கட்டுகிற வரி இந்தக் கோடிகளில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் "நீ இருசக்கரக்காரன், உனக்கு வரி பாதி" என்று எவனாவது சொன்னதுண்டா? லிட்டருக்கு லிட்டர் அதே வரிதான். வண்டி விலையிலும் அப்படித்தான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து 2025 செப்டம்பர் வரை, பால்காரன் வாங்கும் நூறு சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு 28 சதவீதம் வரி போட்டார்கள். ஆடம்பரப் பொருள்களுக்கு என்று வைத்திருந்த படி அது. தலையைக் காக்கும் தலைக்கவசத்துக்கு 18 சதவீதம். வரி வாங்கும்போது நாம் சீமான்கள்; சாலையில் ஏறும்போது மட்டும் நாம் இடைஞ்சல்!

யார் இந்த இருசக்கரக்காரன்? ஊதாரிப் பிள்ளைகள் ஓட்டும் பந்தய வண்டியைப் பற்றி நாம் பேசவில்லை. அதிகாலை நான்கு மணிக்குத் தாராவி 90 அடி ரோட்டுக்கு வந்து பாருங்கள். பின்னிருக்கையில் இட்லிப் பாத்திரமும், பக்கத்தில் சட்டினி வாளியும், முன்னால் சாம்பார்த் தூக்கும் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவார்கள். ஃபோர்ட்டில் அலுவலகம் திறப்பதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். இந்தப் பாத்திரங்களோடு லோக்கல் ரயிலில் ஏற முடியுமா? ஏறினால் இறங்க முடியுமா? தோல் பை தைத்து முடித்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர், குழாய் ரிப்பேர்க்காரர், விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், ஆஸ்பத்திரியில் விடியற்காலை வேலைக்குப் போகும் தங்கைகள், வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற நம் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கூட்டத்தில் உண்டு. மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி அது. பலருக்கு அதுதான் கடை, அதுதான் கிடங்கு, அதுதான் சோறு.

"பஸ்ஸில் போனால் என்ன?" என்று மேட்டுக்குடிப் பத்திரிகைகள் உபதேசம் செய்கின்றன. போகலாமே! 2025 மே மாதம் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்த கட்டணத்தை 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக, ஒரே நாளில் இரட்டிப்பாக்கினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து கால் கடுத்தவன்தான் கடன் வாங்கி வண்டி வாங்கினான். கடற்கரைச் சாலைக்குத் திட்டம் தீட்டியபோது பேருந்துக்கென்று தனிப்பாதை உண்டு என்று சொல்லித்தான் ஊரை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். திறப்பு விழா நாளில் அந்தப் பாதையில் ஓடியவை என்ன? கார்கள், கார்கள், கார்கள்! பஸ்ஸை வளர்க்கவில்லை, பஸ் இல்லாமல் வண்டி வாங்கியவனைச் சாலையிலும் விடவில்லை. பிறகு நாம் பறந்துதான் போக வேண்டும்.

இனி, அவர்களுடைய பெரிய ஆயுதத்துக்கு வருவோம். "உங்கள் பாதுகாப்புக்காகத்தான் தடை" என்கிறார்கள்.

என்னே கருணை! இந்தக் கருணையைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜே.ஜே. மேம்பாலத்தில் வளைவுகள் உண்டு, அங்கே இருசக்கர வண்டிகள் சறுக்கி உயிர்கள் போனதும் உண்மை. நாம் மறுக்கவில்லை. கடல் மீது போகும் பாலத்தில் காற்று பலமாக வீசும் என்பதும் உண்மைதான். ஆனால் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்கள் நூற்றுக்கு 44.5 பேர். ஏறத்தாழ 75,000 உயிர். நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேல்! இவர்கள் எல்லாரும் கடல் பாலத்திலா செத்தார்கள்? கடல் பாலத்தில்தான் நமக்கு அனுமதியே இல்லையே! நமக்கு "அனுமதி உண்டு" என்று விட்ட சாலைகளில்தான் செத்தார்கள். பள்ளம் தோண்டி மூடாத சாலையில், விளக்கெரியாத சாலையில், லாரியும் டெம்போவும் கைவண்டியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் சாலையில். பாதுகாப்பின் பேரால் நல்ல சாலையிலிருந்து நம்மை இறக்கி, சாவு மலிந்த சாலைக்கு அனுப்பிவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஜே.ஜே. மேம்பாலத்தில் ஏறக்கூடாது என்றால் அதன் கீழே முகமது அலி சாலையில் போக வேண்டும். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ரம்ஜான் மாதத்து மாலைகளில் அங்கே மனிதன் நடப்பதே பெரும்பாடு. கிழக்கு விரைவுச் சாலையோ சீத்தா கேம்ப், மான்கூர்ட், வடாலா என்று நம் மக்கள் வாழும் இடங்களைத் தொட்டும் ஒட்டியும் போகிறது. ஆனால் அங்கிருந்து கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிற நம் தம்பி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் துறைமுகத்துச் சாலையில் புகுந்து புறப்பட வேண்டும். நாற்பது டன் லாரியின் பின்சக்கரத்தைவிடக் கடற்காற்று கொடியதோ?

இன்னொன்று. 2022 அக்டோபர் 5-ஆம் நாள் விடியுமுன் அதே பாந்த்ரா வொர்லிக் கடல் பாலத்தில் விபத்தொன்று நடந்து, அடிபட்டவர்களுக்கு உதவ ஆம்புலன்சும் ஆட்களும் நின்றுகொண்டிருந்தபோது, வேகமாக வந்த கார் ஒன்று அவர்கள் மீது பாய்ந்தது. ஐந்து பேர் மாண்டார்கள். அடுத்த நாள் பாலத்தில் காருக்குத் தடை போட்டார்களா? போடவில்லை, போடவும் மாட்டார்கள். வேகத்தைக் கண்காணிப்போம், காமிரா வைப்போம் என்றார்கள். சரியான பேச்சுதான், நாமும் அதைத்தான் சொல்கிறோம். கார் தவறினால் ஒழுங்குமுறை, பைக் தவறினால் ஊர்விலக்கு என்றால், அதற்குக் காரணம் பாதுகாப்பு அல்ல. சாலை யாருடையது என்று அவர்கள் மனத்துக்குள் தீர்த்துவைத்திருக்கும் கணக்கு அது. சிலர் இதைத் "தீண்டாமை" என்றே எழுதுகிறார்கள். நாம் அந்தச் சொல்லை எடுக்க விரும்பவில்லை. நம் பாட்டன்மார் சேரியில் பட்டதை மோட்டார் சைக்கிள் கதைக்கு உவமையாக மலிவாக்கக் கூடாது. வர்க்கப் பாகுபாடு என்ற சொல்லே போதும்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் இந்தப் பாகுபாடு பல்லைக் காட்டுகிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். காரில் பெல்ட் போடாமல் ஓட்டினால் பிரிவு 194பி. அபராதம் ஆயிரம் ரூபாய், அத்தோடு சரி. தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டினால் பிரிவு 194டி. அபராதம் அதே ஆயிரம் ரூபாய், அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டும் உரிமமும் பறிபோகும். இரண்டும் தன் உயிரைத் தானே கவனியாத குற்றந்தானே? பின் ஏன் ஒருவனுக்குப் பணத்தோடு போகிறது, மற்றவனுக்குப் பிழைப்போடு போகிறது? சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் பையனுக்கு மூன்று மாதம் உரிமம் இல்லை என்றால் அது அபராதம் அல்ல, வேலை நீக்கம். வயிற்றுக்காக மறுபடி வண்டியை எடுத்தான் என்றால் "உரிமம் பறிபோன பின்னும் ஓட்டினான்" என்று 10,000 ரூபாய். கார் முதலாளிக்கோ டிரைவர் இருக்கிறார். இல்லையென்றால் டாக்சி இருக்கிறது.

அதே திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சாலையைத் தரத்தோடு அமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். நல்ல பிரிவு! தலைக்கவசப் பிரிவில் நம் தெருவில் மாட்டாத ஆளில்லை. 198ஏ-யில் ஒரு பொறியாளரை, ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்து நிறுத்தியதாக நம் பகுதியில் நாம் கேள்விப்பட்டதே இல்லை. நாக்காவில் ஹவல்தார் கையில் இருக்கும் காமிரா பைக் ஓட்டியின் தலையைப் பார்க்கிறது. அவன் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் பள்ளம் அதற்குத் தெரிவதில்லை.

தலைக்கவசமே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். போட வேண்டும், பின்னால் உட்காருகிற மனைவியும் தாயும் போட வேண்டும். மும்பையில் 2022 ஜூன் முதல் பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயமாயிற்று, தக்க காரியந்தான். நம்மவர்களில் சிலர் நூறு ரூபாய்க்கு ரோட்டோரத்தில் விற்கும் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு போலீசை ஏமாற்றிவிட்டதாக மகிழ்கிறார்கள். ஏமாறுவது போலீசா, மண்டையா? ஒருவழிப் பாதையில் எதிரே வருவதும், அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே வண்டியில் தொற்றிக்கொள்வதும் நம்மிடம் இருக்கிறது. சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களே அப்படி வருவதை நாம் பார்த்திருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். நம் தவறை நாம் ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் தவறை அவர்கள் எப்போது ஒப்புக்கொள்வார்கள்?

வண்டி நிறுத்தும் கதைக்கு வருவோம். இதில்தான் நம் மக்களின் வயிற்றெரிச்சல் அதிகம்.

கார் நிற்கிற இடத்தில் நாலு மோட்டார் சைக்கிள் தாராளமாக நிற்கும். அப்படியென்றால் இடம் குறைந்த இந்த நகரம் யாருக்கு இடம் ஒதுக்க வேண்டும்? கடற்கரைச் சாலைத் திட்டத்தில் 1,800-க்கு மேற்பட்ட கார்கள் நிறுத்தப் பூமிக்கடியில் இடம் வைத்தார்கள். சாலையில் போகவே உரிமை இல்லாதவனுக்கு நிறுத்த இடம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ! நம் ரயில் நிலையங்களையும் மார்க்கெட்டுகளையும் பாருங்கள். வாயிலில் ஒப்பந்தக்காரன் கயிறு கட்டிக் காசு வாங்கும் இடம் காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும். அதற்கு வெளியே நிறுத்தினால் டோயிங் வண்டி வரும். காரைத் தூக்க வேண்டும் என்றால் கொக்கி வேண்டும், இயந்திரம் வேண்டும், அதோடு கொஞ்சம் துணிச்சலும் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பவர் யாருக்குப் போன் போடுவார் என்று தெரியாது. ஆகவே காருக்குச் சக்கரத்தில் பூட்டு. பைக்கைத் தூக்கவோ கூலிக்கு நிற்கும் இரண்டு பையன்கள் போதும். ஒரு நடையில் ஆறு ஏழு வண்டியை அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விடலாம். அள்ளப்படுகிறவனும் ஏழை, அள்ளுகிற பையனும் ஏழை. இந்தக் கொடுமையை என்னென்பது?

சங்கத்து உறுப்பினர் ஒருவர், சயான் பக்கம் குடியிருப்பவர். சென்ற மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டியை மருந்துக்கடை ஓரமாக நிறுத்தினார். அரைமணி நேரம் கழித்து வந்தால் வண்டி இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று பதறி, மழையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போனது போக்குவரத்துப் போலீஸ் என்று தெரிந்தது. இன்ன இடத்தில் இருக்கிறது என்று தரையில் சாக்கட்டியால் ஒரு வரி எழுதிவைக்க அங்கே ஆளில்லை. மீட்டு வந்தபோது கண்ணாடி உடைந்திருந்தது. கிளட்ச் கம்பி வளைந்திருந்தது. அபராதத்துக்கு ரசீது தந்தார்கள், உடைந்த கண்ணாடிக்கு யார் ரசீது தருவார்கள்? இரண்டு நாள் கூலி போயிற்று. அவர் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்ன ஒரு சொல்லை மட்டும் இங்கே எழுதுகிறோம்: "அபராதம் போகட்டும் அண்ணாச்சி, அந்த அரைமணி நேரம் நான் பட்ட பாடு!"

இது மாற்றவே முடியாத விதி அல்ல. பெங்களூரில் இதே கூத்து நடந்து மக்கள் கொதித்தெழுந்தபோது, 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு டோயிங்கை நிறுத்திவைத்தது. மக்கள் கேட்டார்கள், நடந்தது. அதே பெங்களூரில் மற்றொரு பக்கம் நைஸ் சாலையில் இருசக்கர வண்டிக்கும் சுங்கம் வாங்கினார்கள். 2022 ஜனவரியில் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை இருசக்கர வண்டி வரக்கூடாது என்றும் தடை போட்டார்கள். காசு கொடுக்கிறவனுக்கே ராத்திரி கதவடைப்பு! 2023 ஆகஸ்ட் முதல் பெங்களூர் மைசூர் விரைவுச் சாலையிலும் நம்மை இறக்கிவிட்டார்கள். அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் தோழர்கள் இதைப்பற்றி எழுதிய கடிதங்கள் நமக்கு வந்தவண்ணம் இருக்கின்றன.

"உங்களுக்குச் சுங்கமே இல்லையே, அது சலுகை அல்லவா?" என்று சிலர் வாயடைக்கப் பார்க்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் வாங்குவதில்லை; சரி. 2025 ஜூனில் இனி வாங்கப்போகிறார்கள் என்று செய்தி கிளம்பி, நாடே அலறியபின், அப்படி ஒன்றும் இல்லை என்று அமைச்சரே மறுத்தார். ஆனால் பந்திக்குள்ளேயே விடாமல், "சாப்பாட்டுக்குக் காசு கேட்கவில்லையே" என்று சொல்வது எந்த ஊர் உபசாரம்? மும்பைக்குள் நுழையும் ஐந்து வாயில்களில் கார்களுக்கு இருந்த சுங்கத்தை 2024 அக்டோபர் 14 நள்ளிரவோடு எடுத்தார்கள். சட்டமன்றத் தேர்தல் அடுத்த மாதம்! கார்க்காரன் 45 ரூபாய் கொடுக்கச் சிரமப்படுகிறான் என்று கண்ணீர் விட்ட ஆளவந்தார்களுக்கு, வாஷி பாலத்தில் மழையில் நனைந்துகொண்டு போகிறவன் கண்ணில் படவில்லை. 2025 ஆகஸ்டில் அடல் சேதுவில் மின்சாரக் கார்களுக்குச் சுங்கம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். திறந்தபோது ஒருவழிக்கு 250 ரூபாய் வைத்த பாலம் அது. காற்று மாசுபடாமல் இருக்க ஊக்கமாம்! நாலு பேர் உட்காரும் காரில் ஒருவர் தனியாகப் போனால் அவருக்கு ஊக்கம். மின்சார ஸ்கூட்டர் வாங்கிய நம் பிள்ளை அதே பாலத்தின் வாயிலில் போய் நின்றால்? சிவப்பு வட்டம்.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நம் உறவினர்கள் வாழும் மலேசியாவைப் பாருங்கள். தோட்டக்காட்டுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கார் அதில் வராது, லாரி அதில் வராது. கடற்காற்று என்று நம்மைப் பயமுறுத்துகிறார்களே, 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் என்ன ஏரிமேலா போகிறது? பதின்மூன்றரைக் கிலோமீட்டர், கடல் மேல்தான். அதில் இடப்பக்கமாக மோட்டார் சைக்கிளுக்குப் பாதை உண்டு. 2019 ஜனவரி முதல் அவர்களுக்குச் சுங்கமும் இல்லை. அந்த நாட்டில் எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நாம் சொல்லவில்லை. அங்கும் இருசக்கர வண்டியில் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். ஆனால் ஆபத்து இருக்கிறது என்று கண்ட அரசு அங்கே பாதை போட்டது. இங்கே பலகை நட்டது.

பலகைக்கு ஆகும் செலவு சில ஆயிரம். பாதைக்குச் சில கோடி. நம் உயிரின் மதிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது.

ஆகவே நாம் கேட்பது நிலவைப் பிடித்துத் தா என்பதல்ல. கடற்கரைச் சாலையிலும் கிழக்கு விரைவுச் சாலையிலும் இடது ஓரத்தில் ஒரு பாதையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஐம்பது கிலோமீட்டர் வேக வரம்பு போட்டு, காமிராவும் வைத்து, முதலில் அதிகாலை நான்கிலிருந்து எட்டு மணி வரையாவது விட்டுப் பாருங்கள். இட்லிக்காரனும் ஆஸ்பத்திரித் தங்கையும் போய்வந்து விடுவார்கள். வரம்பை மீறினால் அபராதம் போடுங்கள், நாம் குறுக்கே வரமாட்டோம். சுரங்கப் பாதைக்குள் முடியாது என்று பொறியாளர்கள் காரணத்தோடு சொன்னால் அதையும் கேட்கத் தயார். காரணத்தை எழுத்தில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு வண்டிகளைத் தடை செய்ய அதிகாரம் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தை இங்கே பயன்படுத்தும்போது கீழே போகிறவனுக்கு என்ன வழி செய்தீர்கள் என்று கேட்பது நம் உரிமை. எதற்கும் ஒப்பவில்லையா? அப்படியானால் சொன்னபடி பேருந்துக்குத் தனிப் பாதையைக் கொடுங்கள். பழைய கட்டணத்தில், நிமிடத்துக்கு நிமிடம் பஸ் விடுங்கள். வண்டியை வீட்டில் பூட்டிவிட்டு வருகிறோம். இரண்டும் தரமாட்டேன் என்பதற்கு மட்டும் நாம் தலையாட்ட முடியாது.

இது தமிழனுடைய வழக்கு மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பக்கத்துச் சாலில் குடியிருக்கும் மில் தொழிலாளியின் மகன், மராத்திக்காரன், அவனும் நம்மோடு அதே பள்ளத்தில்தான் விழுகிறான். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பால்காரனுக்கும் அதே சலான்தான் வருகிறது. "வெளியூர்க்காரர்கள் வந்து சாலையை அடைத்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்கும் தலைவர்கள் எதில் வந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள், போதும். நகரத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள்; ஆனால் சாலையின் பரப்பை அடைத்து நிற்பவை அவை அல்ல.

கடைசியாக, எல்லாரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்திருக்கிறது. சாலைப் பள்ளத்தாலோ மூடியில்லாத சாக்கடைக் குழியாலோ ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய். காயம்பட்டால் அதன் கடுமைக்கு ஏற்ப 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை. இதை மாநகராட்சி போன்ற பொறுப்பான அமைப்புகள் கொடுக்க வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், பின்னர் தவறு செய்த அதிகாரியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ அதை வசூலிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மாநகராட்சி ஆணையரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையச் செயலாளரும் கொண்ட குழு இதை முடிவு செய்யும்.

தீர்ப்பு தானாக நம் வீட்டுக் கதவைத் தட்டாது. யாராவது விழுந்தால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு, பள்ளத்தை மாநகராட்சி இரவோடு இரவாக மூடுவதற்குள், அதைப் போனில் படம் எடுங்கள். பக்கத்துக் கடைப்பலகையும் விளக்குக் கம்பமும் படத்தில் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் "வண்டியிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். "இன்ன சாலையில் பள்ளத்தில் விழுந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். போலீசில் பதிவு செய்த நகலை வாங்குங்கள். மராத்தியில் மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தர இளைஞர்கள் இருக்கிறார்கள். கட்டாமல் சேர்ந்துபோன சலான்களையும், டோயிங்கில் உடைந்த வண்டிகளின் படங்களையும் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த நாக்காவில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு என்று தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். அடுத்த மாதம் போக்குவரத்துப் போலீஸ் அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போது மேசைமேல் வைக்க நம்மிடம் ஒரு கட்டு இருக்க வேண்டும்.